பட்டப்பெயர்

2022 ஜனவரியில் 'புல்லி பாய்' என்ற செயலி, நம் சமுதாயப் பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரின் படங்களை ஏலப்பொருள்போல் காட்டியது. கைதானவர்களுள் 18, 21 வதினரான மாணவர்களும் இருந்தனர். இவர்களை எப்படி வளர்த்தார்களோ என்று அன்று கொதித்தோம்.

சென்ற ஆண்டு, நெடுங்காட்டில் நம்மிடம் ஓதும் சிறுவன் ஒருவன் இரண்டு வாரமாக வரவில்லை. வீட்டுக்குச் சென்றோம். தாயார் பேசாமல் கைப்பேசியை நீட்டினார். அவன் திக்கித் திக்கி ஓதும் முகத்தை உடன் ஓதும் பிள்ளைகளே ஒளிந்து படமெடுத்து, வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கிப் பரப்பியிருந்தனர். அதன் கீழே ஒரு பட்டப்பெயர். வகுப்பில் ஒருநாள் வேடிக்கையாக நாம் சொன்ன பெயர்தான் அது!

பட்டப்பெயரால் இழிவுபடுத்துவதைத் தடுக்கும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனத்தை அவர்களுக்கு மனனம் செய்வித்ததும் நாமே.

மறுநாள் பிள்ளைகள் முன்னிலையில் நம் தவற்றை ஒப்புக்கொண்டோம். அடியார்க்கு இழைத்த தீங்குக்கு இறைவனிடம் தவ்பா மட்டும் போதாது, அவரிடமே மன்னிப்புக் கோர வேண்டும் அல்லவா? அனைவரும் அவன் வீட்டுக்கு நடந்தோம். குழுவில் இருந்ததை அழித்தனர்; பிறர் சேமித்ததை அழிக்க வழியில்லை. குழந்தைகள் உதவி எண் 1098ஐ மதரஸாச் சுவரில் எழுதினோம்.

அவன் இப்போது வருகிறான். உரக்க ஓதுவதில்லை.