வல்லை வெளிக்கு அப்பால் ஒரு கும்மி

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியை நேயர்கள் பலர் அறிந்திருப்பீர்கள். நல்லூரையும் கோப்பாயையும் கடந்தால் நீர்வேலியின் வாழைத் தோட்டங்கள் கண்ணுக்குக் குளிர்ச்சி தரும். செம்மண் நிலத்திலே புகையிலையும் வெங்காயமும் மாறி மாறித் தோன்றும். ஆவரங்காலுக்கு அப்பால், அச்சுவேலிப் பக்கத்தைத் தாண்டியதும், பயிர்ப்பச்சை மறைந்துவிடும். வானமும் உவர்நிலமும் ஓயாத காற்றுமே எஞ்சும். அதுவே வல்லை வெளி. சைக்கிளில் வருவோர் எதிர்க்காற்றுக்கு ஆற்றாது இறங்கி உருட்டிச் செல்வதையும் அங்கே காணலாம். தொண்டைமானாற்று நீரேரியின் மேலுள்ள பாலத்தைக் கடந்தால் வடமராட்சி மண்ணை மிதித்தவராவோம்.

ஒரு சனிக்கிழமை காலை நாம் அவ்வழியே சென்றது, பாடசாலைகளுக்கிடையே நடைபெற்ற கிராமிய நடனப் போட்டி ஒன்றுக்கு நடுவராக அமர்வதற்கு. நாம் நடனம் கற்றவரல்லோம். கல்லூரியிலே தமிழ் கற்பிப்பவர். நாட்டார் பாடல்களில் நமக்குள்ள ஈடுபாடு கருதி அழைத்திருந்தனர். நடனம் பயின்ற ஆசிரியைமார் இருவர் உடனிருந்தது நமக்குத் துணிவைத் தந்தது.

நம் நாட்டு மாணவருக்குப் போட்டி என்பது ஓர் ஏணி. பாடசாலையிலே தொடங்கி, கோட்டம், வலயம், மாகாணம் எனப் படிப்படியாக ஏறித் தேசிய மட்டத்தை அடைதல் வேண்டும். தமிழ்மொழித் தினப் போட்டிகளுக்குப் பிள்ளைகளை ஆயத்தஞ் செய்த பெற்றோர் இதனை நன்கு அறிவர். நாம் சென்ற போட்டியும் அத்தகையதே. முதலிடம் பெறும் குழு மட்டுமே மேற்படிக்குச் செல்லும். இரண்டாமிடத்தார் சான்றிதழுடன் வீடு திரும்புவர்.

அன்று ஆடிய குழுக்களுள் இரண்டு நம் மனத்தில் நிற்கின்றன. முதலாவது குழுவினர் கோலாட்டம் ஆடினர். பட்டுப் பாவாடையும் கனகாம்பரச் சரமுமாக மேடைக்கு வந்த அச்சிறுமியர் வரிசையாயினர். வரிசை பிரிந்து பிறையாயிற்று. பிறை கூடி மீண்டும் வரிசையாயிற்று. எவ்வுருவில் நின்றபோதும் முகங்கள் யாவும் நம்மையே நோக்கிப் புன்னகைத்தன. கோல்கள் ஓரிடத்திலும் தாளம் தவறவில்லை.

அடுத்து வந்தவர்கள் கடற்கரையோரத்துச் சிறு பாடசாலை ஒன்றின் மாணவியர் எண்மர். பருத்திச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டியிருந்தனர். மேடை நடுவிலே குத்துவிளக்கை ஏற்றி வைத்து, அதனைச் சூழ்ந்து கும்மி கொட்டினர். ஒலிநாடா இல்லை; ஒருத்தி பாட மற்றையோர் வாங்கிப் பாடினர். குனிந்தும் நிமிர்ந்தும், உள்ளங்கை கொட்டியும் புறங்கை தட்டியும் அவ்வட்டம் சுழன்றது. பாட்டு விரைய விரைய அடியும் விரைந்தது. ஆயின் அவர்கள் பார்த்தது விளக்கையும் ஒருவரையொருவரும். நமக்கு அருகில் வந்தவை பின்னல்களே.

நம் கையிலிருந்த புள்ளித்தாளிலே தாளம், ஒருமைப்பாடு, ஆடையணி, முகபாவம், மேடைப் பயன்பாடு என்னும் தலைப்புகள் இருந்தன. தாளத்துக்கு நிறைந்த புள்ளி இட்டோம். காணாத முகத்தின் பாவத்துக்கு எவ்வாறு புள்ளியிடுவது? குறைத்தோம். மேடைப் பயன்பாட்டிலும் குறைத்தோம். மூவரின் புள்ளிகளையும் கூட்டியபோது கோலாட்டக் குழு மூன்று புள்ளிகளால் முந்தியது. அவையினருக்கு முதுகு காட்டலாகாது என்று ஒலிவாங்கியிலே அறிவுரையும் கூறினோம்.

மதிய உணவின் பின் முற்றத்து வேப்பமர நிழலிலே அக்கும்மிக் குழுவினரைக் கண்டோம். அவர்களுக்குப் பாட்டையும் அடியையும் பழக்கிய முதியவள் ஒருத்தி, மாணவி ஒருத்தியின் பாட்டி, உடன் வந்திருந்தார். நம்மை அருகே அழைத்துச் சினமின்றிக் கேட்டார்: “தம்பி, நாங்கள் ஆடின காலத்திலை ஆரும் கதிரை போட்டிருந்து பாக்கேல்லை. ஒருத்தியின்ரை முகத்தை மற்றவள் பாத்துத்தான் ஆடினனாங்கள். அதைப் பிழையெண்டு எழுதிப்போட்டியளோ?”

“எழுதினது உண்மைதான், ஆச்சி” என்றோம். வேறு விடை நம்மிடம் இல்லை.

அதனினும் கடுமையாக நம்மைத் தைத்தது, அவர்களை அழைத்து வந்த இளம் ஆசிரியை பணிவுடன் கூறிய சொல்: “அடுத்த வருசம் வரிசையிலை நிப்பாட்டிறன், சேர்.” நாம் இட்ட சில புள்ளிகள் தலைமுறைகளாக வந்த வட்டத்தை நேர்கோடாக்கப் போகின்றன என்பதை அப்பொழுதே உணர்ந்தோம்.

வட்டத்துக்கும் மேடைக்கும் உள்ள இவ்வழக்குப் புதியதன்று. நம் கூத்துகளும் வட்டக்களரியிலே, சுற்றிலும் மக்கள் அமர்ந்திருக்க, விடியும்வரை ஆடப்பட்டவையே. தெல்லிப்பழையிற் பிறந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன், பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962இல் ‘கர்ணன் போர்’ முதலாகக் கூத்துகளைச் சுருக்கி, ஒருபுறம் மட்டுமே திறந்த மேடைக்குக் கொண்டுவந்தார். களரி போயிற்று எனச் சிலர் வருந்தலாம். ஆயினும் கற்றோர் இகழ்ந்திருந்த கூத்துக்கு அம்மேடையே மதிப்பைத் தேடித் தந்தது. பாடசாலைப் போட்டிகளும் அத்தகைய தொண்டைச் செய்கின்றன. போட்டி இல்லையெனின் அவ்வெண்மரும் கும்மியே கற்றிருக்கமாட்டார்கள் என்பதையும் மறத்தலாகாது.

கடல் கடந்த நாட்டிலும் இதே கதையைக் காண்கின்றோம். அமெரிக்காவில் நாட்டுப்புற மக்கள் தானியக் கொட்டில்களிலும் ஊர் மண்டபங்களிலும் இசைக்கு ஆடி மகிழ்ந்த ஆட்டங்கள், இன்று அகன்ற தொப்பியும் நீள் சப்பாத்தும் அணிந்து, வயதுக்கும் தேர்ச்சிக்கும் ஏற்பப் பிரிவு வகுத்து, புள்ளியிட்டு ஆடும் போட்டிகளாகியுள்ளன. உலகப் போட்டிகளும் நடைபெறுகின்றன. ஆயினும் அங்கே இணையர் ஆடும் ஆட்டங்கள் சில, மண்டபத்தைச் சுற்றி நகரும் பழைய வழக்கத்தை விடவில்லை. வரிசையாட்டத்தில் இணை இல்லை. ஆடுவோர் ஒரு சுவரை நோக்கித் தொடங்கி, அடிகளை முடித்ததும் மறு சுவரை நோக்கித் திரும்பி அவற்றையே மீள ஆடுவர். அவ்வேளை நடுவருக்கு முதுகு தெரிவது ஆட்டத்தின் இயல்பேயன்றிக் குற்றமன்று. போட்டி ஆட்டத்துக்கு ஏற்ப வளைந்து கொடுத்தல் கூடும் என்பதற்கு இது சான்று.

அன்று மாலை வல்லை வெளியைக் கடந்து திரும்பும்பொழுது இதுவே நம் சிந்தையில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் போட்டியை நடத்தியோருக்குக் கடிதம் ஒன்று எழுதினோம். கும்மி போன்ற வட்ட ஆட்டங்களை மேடையில் ஏற்றாது முற்றத்தில் ஆடச் செய்க. நடுவரின் கதிரைகளை மூன்று திசையில் இடுக. மேடைப் பயன்பாடு என்னும் தலைப்பை நீக்கி, ஆடுவோர் ஒருவரோடொருவர் இசைந்து நிற்றலுக்குப் புள்ளி வழங்குக என வேண்டினோம். செலவு யாதுமில்லை, கதிரைகளை நகர்த்தினாற் போதும்.

அந்த ஆசிரியைக்கும் ஒரு கடிதம் எழுதினோம். வரிசையில் நிறுத்த வேண்டா என்றும், குறைத்தது நம் பிழை என்றும் அதில் ஒப்புக்கொண்டோம். புள்ளித்தாள் மாறாவிடின் வட்டமாக ஆடும் அப்பிள்ளைகள் வரும் ஆண்டும் தோற்கக்கூடும் என்பதை அறிந்தே எழுதினோம். நேயர்களே, உங்கள் இல்லத்து ஆச்சிமாருள் எவரேனும் கும்மிப் பாட்டு அறிந்திருப்பின், பேத்தியரை அழைத்து முற்றத்திலே ஒரு விளக்கை ஏற்றி வையுங்கள். அங்கே புள்ளியிட எவரும் அமரத் தேவையில்லை.