எட்டுப் பேரும் ஓர் எண்ணும்

பாகலூரைத் தாண்டியும் பனி விலகவில்லை. சாலையின் இரு பக்கமும் பசுமைக்குடில்கள், உள்ளே ரோஜா. பால் கேன் கட்டிய வண்டிகள் எதிரே வந்துகொண்டிருந்தன. பின்னால் உட்கார்ந்திருந்த தம்பி என் தோளைத் தட்டி மூன்றாவது தடவையாகக் கேட்டான்.

“அண்ணா, கோலார்ல அப்படி என்னதான் இருக்கு?”

“இப்ப ஒண்ணும் இல்லடா. எண்பது வருஷம் முன்னாடி இருந்துச்சு.”

இந்தப் பயணத்துக்குக் காரணமே அவன்தான். ஓசூர் சிப்காட்டில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் அவன் அப்ரண்டிஸ். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பையன், கை சுத்தம். விமானத்துக்குப் போகும் அலுமினிய பிராக்கெட் பதினாலு பீஸ் போட்டுக் கொடுத்திருந்தான். மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தேன், ஓர் அளவும் பிசகவில்லை. ஆனால் ஒன்றில்கூட எண் அடிக்கவில்லை. அந்த உலோகம் எந்த உருக்கில் வந்தது, எந்த பேட்ச் என்று சொல்லும் எண். பதினாலையும் சிவப்புப் பெட்டியில் போட்டேன். அவன் முகம் சுண்டிப்போனது. “அளவெல்லாம் கரெக்டா இருக்கே அண்ணா. உள்ள போய் மாட்டிக்கப்போற பீஸு, அதுல நம்பரை யாரு பார்க்கப்போறாங்க?” என்றான்.

யார் பார்ப்பார்கள் என்பதற்குப் பதில் ஒரு வரியில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டியில் போகலாம் வா என்றேன்.

வழியில் ஒரு கடையில் நிறுத்தினோம். ஊர்ப் பலகை கன்னடத்தில், கடைக்காரர் பேச்சு தெலுங்கில், காசு கேட்டது தமிழில். எங்கள் எல்லைப்பக்கம் அப்படித்தான். டீ ஆறும்வரை அவனுக்கு ஒரு விமானத்தின் கதையைச் சொன்னேன்.

இரண்டாம் உலகப் போரில், 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் சீனாவுக்குப் போன தரைவழி அடைபட்டது. மிஞ்சியது வான்வழிதான். அசாமிலிருந்து கிளம்பி, இமயத்தின் கிழக்குக் கோடியைத் தாண்டி, சீனாவின் குன்மிங்குக்குப் போக வேண்டும். விமானிகள் அந்த மலைத்தொடரை ‘ஹம்ப்’ என்றார்கள், திமில் என்று பொருள். குன்மிங்கில் இருந்த அமெரிக்க 308-வது குண்டுவீச்சுப் பிரிவிடம் பி-24 லிபரேட்டர் விமானங்கள் இருந்தன. நான்கு என்ஜின், 110 அடி இறக்கை. தங்களுக்கு வேண்டிய பெட்ரோலையும் குண்டையும் அந்தப் பிரிவினரே இந்தியாவுக்கு வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். குண்டுபோடும் விமானமே சுமை விமானமாகவும் உழைத்தது.

1944 ஜனவரி 25-ம் தேதி அவற்றில் ஒன்று குன்மிங்கிலிருந்து அசாமின் சபுவா தளத்துக்குக் கிளம்பியது. சரக்கு ஏற்றிவரத்தான், சண்டைக்கு அல்ல. பெயர் ‘ஹாட் ஆஸ் ஹெல்’. உள்ளே எட்டுப் பேர். மலைமேல் வானிலை மோசம். விமானம் சபுவா போய்ச் சேரவில்லை. தேடியும் கிடைக்கவில்லை. போர் முடிந்தது. எட்டு வீடுகளிலும் இறந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வைத்துக்கொள்ளுங்கள் என்ற சொல்லை நான் இதுவரை எந்தச் சாவு வீட்டிலும் கேட்டதில்லை.

“அப்புறம் கிடைக்கவே இல்லையா?”

கிடைத்தது, அறுபத்திரண்டு வருஷம் கழித்து. அருணாசலப் பிரதேசத்தில் தம்ரோ என்ற ஆதி மக்களின் ஊர் இருக்கிறது. அதற்கு மேலே காட்டுமலையில் ஒரு விமானம் நொறுங்கிக் கிடப்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். எந்த விமானம், யார் வந்தது என்பதுதான் தெரியாது. கிளேட்டன் குல்ஸ் என்று ஓர் அமெரிக்கர், மலையேறுகிறவர். போரில் காணாமல்போன விமானங்களைத் தன் சொந்த ஆர்வத்தில் தேடிக்கொண்டிருந்தார். 2006 டிசம்பரில் ஊர்க்காரர்கள் வழிகாட்ட அங்கே ஏறினார். இந்த விமானம் எது என்று எதை வைத்துச் சொல்ல முடியும்? எண்தான். 42-73308. முன்னால் வரும் 42, அந்த விமானத்துக்கு ஆர்டர் கொடுத்த நிதியாண்டு. அடுத்தது வரிசை எண். அந்த எண்ணைப் பதிவேட்டில் தேடினால் தேதி வரும். தேதிக்கு எதிரே எட்டுப் பெயர் வரும்.

பையன் டீ கிளாசைக் கீழே வைத்தான். ஒன்றும் பேசவில்லை.

அந்த விமானத்தைக் கட்டியது சான் டியேகோ நகரத்துத் தொழிற்சாலை. எல்லாத் தொழிற்சாலைகளிலும் சேர்த்து மொத்தம் பதினெட்டாயிரத்துக்கும் மேல் லிபரேட்டர்கள் செய்தார்கள். ராப்பகலாக ஷிஃப்ட், தலைக்கு மேல் அவசரம். அந்த நெருக்கடியிலும் யாரோ ஒருவர் நிதானமாக நின்று எண் அடித்திருக்கிறார். அவருக்கும் ஒரு சூபர்வைசர் இருந்திருப்பார், யார் பார்க்கப்போகிறார்கள் என்று அந்தத் தொழிலாளியும் ஒருநாள் கேட்டிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

மாலூர் வந்தது. ஓட்டுக்கும் செங்கல்லுக்கும் பேர்போன ஊர், காற்றிலேயே சுட்ட மண் வாசனை. அங்கிருந்து கோலார் வரை தக்காளித் தோட்டம்தான். கிரேட் அடுக்கிய லாரிகளின் பின்னால் ஊர்ந்து போனோம்.

கோலாருக்கு வெளியே, அந்தரகங்கை மலை தெரியும் இடத்தில் வண்டியை நிறுத்தினேன். பாறையை அடுக்கி வைத்ததுபோல ஒரு மலை, இந்தப் பக்கம் தட்டையான செம்மண் வெளி. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் தளம் கோலாரில் இருந்தது. இரண்டு என்ஜின் விமானத்தில் பழகியவர்கள் நான்கு என்ஜின் லிபரேட்டருக்கு மாறப் பழகிய இடம் இது. 1944 நவம்பர் 8-ல் 358-வது ஸ்குவாட்ரன் இங்கேதான் பிறந்தது. 1945 ஜனவரியில் வங்காளத்துக்குப் போனார்கள். மாந்தளை மீது ஒரே ஒரு தடவை குண்டு போட்டார்கள். அதன்பிறகு எதிரியின் எல்லைக்குள் ஆளையும் சாமானையும் ரகசியமாக இறக்கிவிடுகிற வேலைக்கு மாற்றினார்கள். அந்த வேலையில் போனவர்களிலும் திரும்பாதவர்கள் உண்டு. தெற்காசியாவிலும் கிழக்காசியாவிலும் பறந்துபோய்க் கல்லறைகூட இல்லாமல் போன காமன்வெல்த் விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியில் சுவரில் இருக்கின்றன. இலங்கையிலும் அப்படித்தான்: 1942 ஏப்ரல் 9-ல் கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்து போய் ஜப்பானியக் கப்பற்படையைத் தாக்கிய ஒன்பது பிளென்ஹைம் விமானங்களில் ஐந்து அழிந்தன. விமானத்துக்கு மூன்று பேர்.

கோலார் வெளியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு ஞாபகம் வந்தது வெளிநாட்டுக்காரர்கள் மட்டும் அல்ல. பெங்களூரில் வால்சந்த் ஹிராசந்த் 1940-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, போரின் நடுவில் அமெரிக்கர் கைக்குப் போய்ப் பெரிய பழுதுபார்க்கும் பட்டறையாக ஓடியது. போர் முடிந்து பிரிட்டிஷார் கிளம்பும்போது லிபரேட்டர்களை யாருக்கும் உதவாதபடி சேதப்படுத்தி கான்பூரில் விட்டுப்போனார்கள். ஜாம்ஷெட் முன்ஷி என்ற விமானி, ஓரளவு சரிசெய்த அந்த விமானங்களை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிவந்தார். 42 விமானங்கள். நம் தொழிலாளர்கள் அவற்றை மறுபடி பறக்க வைத்தார்கள், 1968 வரை அவை நம் விமானப்படையில் இருந்தன. எங்கள் தொழிலின் மூத்த தலைமுறை அவர்கள். ஓசூரில் பெலகொண்டபள்ளி ஓடுபாதையைத் தாண்டும்போதெல்லாம் அவர்களை நினைக்காமல் இருக்க என்னால் முடியாது.

“செத்தவங்க உடம்பு கிடைச்சுதா அண்ணா?” பையனுக்கு மனசு இன்னும் தம்ரோ மலையிலேயே இருந்தது.

எல்லைப்பகுதி என்பதால் அகழ்வு வேலை பல வருஷம் தடைபட்டது. 2015 கடைசியில் ஒரு குழு மலையைச் சலித்தது. கிடைத்த எச்சங்கள் 2016 ஏப்ரலில் டெல்லியிலிருந்து மரியாதையோடு அமெரிக்காவுக்குப் போயின. அந்த எட்டுப் பேரில் பரிசோதனையில் அடையாளம் தெரிந்தவர் ராபர்ட் ஆக்ஸ்போர்டு. 2017 ஜூனில், ஜார்ஜியா மாநிலத்தின் கான்கார்ட் என்ற அவருடைய சின்ன ஊரில் அடக்கம் செய்தார்கள். கிளம்பிப்போய் எழுபத்து மூன்று வருஷம். அவரைப் பெற்றவர்கள் அதைப் பார்க்க இல்லை.

நம் நாட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. 2016 ஜூலை 22 காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32, 29 பேரோடு வங்கக்கடலில் மறைந்தது. கப்பலும் விமானமும் தேடித் தேடி ஓய்ந்தபின், எல்லோரும் இறந்ததாகக் கருதப்படுகிறது என்று வீட்டுக்குக் கடிதம் போனது. 2024 ஜனவரியில்தான் பதில் வந்தது. சென்னையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம், கரையிலிருந்து 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் சிதறிய பாகங்களைப் படம் எடுத்தது. படங்களை ஒப்பிட்டுப் பார்த்து, ஏஎன்-32 ரக விமானத்தின் பாகங்கள்தான் என்று உறுதிசெய்தார்கள். அந்த ஏழரை வருஷமும் அந்த 29 வீடுகளில் வாசல் மணி அடித்தபோதெல்லாம் என்ன நினைத்திருப்பார்கள்? காத்திருப்பவருக்கு எந்தச் செய்தியும் தாங்கக்கூடியதுதான், செய்தியே இல்லாததுதான் தாங்காது. என் பெரியப்பா மகன் வீட்டைவிட்டுப் போய்த் திரும்பாதவன். என் பெரியம்மா சாகிறவரை ராத்திரி கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதில்லை.

இதைச் சொன்னதும் பையன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். வெயில் ஏறிவிட்டது. நெடுஞ்சாலையில் சென்னைக்கும் பெங்களூருக்கும் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன.

திரும்பும்போது வண்டியை அவன் ஓட்டினான். மாலூர் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. என்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

“அந்த எட்டுப் பேரு பேரும் தெரியுமா அண்ணா?”

சொன்னேன். விமானி ஸ்வான்சன். துணைவிமானி சேம்பர்ஸ். வழிகாட்டி ஜேட்ஸ். குண்டு இலக்காளர் ஆக்ஸ்போர்டு. ஜின், குயின், ஹின்சன், ஜெரன்ஸ்.

அவன் விரல் விட்டு எண்ணியபடி திருப்பிச் சொன்னான். ஐந்துவரை வந்தது. ஆறாவதில் நின்றுவிட்டான்.

“குயின்,” என்றேன்.

“குயின்,” என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தான். ரயில் வந்துகொண்டிருந்தது.