சொல்லத் தயங்கும் ஒரு துன்பம்



திருவண்ணாமலையில் பெண்கள் மதரஸா ஒன்றில் பாடம் நடத்தி வருகிறேன். பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும் தாய்மார்களுள் சிலர், மற்றவர்கள் போகும் வரை காத்திருந்து, தாழ்ந்த குரலில் ஒரு மஸ்அலா கேட்பதுண்டு. "இருமினால் சிறுநீர் கசிகிறது, சுஜூது செய்யும்போதும் கசிகிறது. என் தொழுகை கூடுமா?" என்பதே அது.

இக்கேள்விக்குப் பின்னால் உள்ள வேதனையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் ரமலானில் தராவீஹ் தொழ வருவதையே நிறுத்திவிட்டார். மற்றொருவர் மகளின் புகுந்த வீட்டிற்குப் பேருந்தில் செல்ல அஞ்சுகிறார். எங்கள் அண்டை வீட்டு இந்து அம்மையார், பௌர்ணமிதோறும் நடந்த 14 கிலோமீட்டர் கிரிவலத்தை இதே காரணத்தால் கைவிட்டார். ஆயினும் இவர்களுள் எவரும் மருத்துவரிடம் சென்றதில்லை. "பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று தமக்குத் தாமே தீர்ப்பு எழுதிக்கொண்டனர்.

முதலில் மார்க்கத்தின் நிலையைக் காண்போம். ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள், தமக்கு உதிரப்போக்கு நிற்பதே இல்லை, தொழுகையை விட்டுவிடலாமா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடமே கேட்டார்கள். அது மாதவிடாய் அன்று, நோய் என விளக்கித் தொழுமாறு பெருமானார் பணித்தார்கள். இதனடிப்படையில், இடைவிடாமல் சிறுநீர் கசிவோருக்கும் நம் ஃபிக்ஹு நூல்கள் சலுகை அளிக்கின்றன. தொழுகை நேரம் வந்தபின் சுத்தம் செய்து, உளூச் செய்து தொழுதுகொள்ளலாம். இருமும்போது மட்டும் கசிவோருக்கு உளூ முறியும். மீண்டும் உளூச் செய்து தொழ வேண்டும். தத்தம் மத்ஹபின் விவரங்களை ஆலிம்களிடம் கேட்டறிக. எந்த நிலையிலும் தொழுகையைக் கைவிடத் தேவையில்லை.

ஆனால், சலுகை இருப்பதால் நோயைச் சுமந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதில்லை. மருந்து செய்துகொள்ளச் சொன்ன மார்க்கம் அல்லவா நம்முடையது!

நான் மருத்துவம் பயின்றவள் அல்லள், கலைப் பட்டதாரி. மருத்துவர்கள் கூறுவதை எளிய தமிழில் சொல்கிறேன். இடுப்பெலும்பின் முன்புறத்திலிருந்து முதுகுத்தண்டின் கடைக்கோடி வரை, தூளி கட்டியதுபோல் தசைகள் அமைந்துள்ளன. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது இத்தூளியே. கருவுறுதல், பிரசவம், நாட்பட்ட இருமல், மலச்சிக்கல், மாதவிடாய் நின்றபின் வரும் மாற்றங்கள் ஆகியவற்றால் இது தளர்கிறது. அப்போது இருமினாலும், தும்மினாலும், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலும் கசிவு உண்டாகிறது.

தளர்ந்த தசையைப் பயிற்சியால் வலுப்படுத்தலாம். அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948ஆம் ஆண்டு இதனை எடுத்துரைத்தார். இன்று மருத்துவ உலகம், இத்தகைய கசிவுக்கு அறுவைச் சிகிச்சையை எண்ணுமுன் இப்பயிற்சியையே முதலில் பரிந்துரைக்கிறது.

பயிற்சி இதுதான். வாயு பிரியாமல் அடக்குவது போலவும், சிறுநீரை நிறுத்துவது போலவும் அத்தசைகளை உள்நோக்கி மேலே இழுங்கள். சில வினாடிகள் நிறுத்திப் பின் முழுவதும் தளர்த்துங்கள். மூச்சை அடக்க வேண்டாம். வயிறு, தொடை, பிட்டத்தை இறுக்க வேண்டாம். ஒரு வேளைக்கு 8 முறை, நாளொன்றுக்கு மூன்று வேளை, குறைந்தது 3 மாதம் செய்ய வேண்டும். தொடக்கத்தில் படுத்தும், பழகியபின் உட்கார்ந்தும் நின்றும் செய்யலாம். இருமல் வரும்போது முன்கூட்டியே தசையை இறுக்கிக்கொள்வதும் பயன் தரும். சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்திப் பயிற்சி செய்யும் வழக்கம் கூடாது.

பலர் எந்தத் தசையை இறுக்குவது என்றறியாமல் வயிற்றை இறுக்கிவிடுகின்றனர். ஆகவே ஒருமுறையேனும் பெண் மருத்துவரிடமோ, பெண் பிசியோதெரபி நிபுணரிடமோ கற்றுக்கொள்வது நலம். நம்மூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் நோய்ப் பிரிவை அணுகலாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையும் தொலைவில் இல்லை. சிறுநீரில் இரத்தம், எரிச்சல், காய்ச்சல், அடியிறங்கல் இருந்தால் தாமதிக்கவே கூடாது. அவசரமாக முட்டிக்கொண்டு வந்து, கழிவறையை அடையுமுன் கசிவதற்கு வேறு முறைகளும் மருந்துகளும் உள்ளன. கசிவுக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீர் கெட்டியாகிப் பையை உறுத்தும்.

அன்ஸாரிப் பெண்களை, மார்க்கத்தைக் கற்பதற்கு வெட்கம் அவர்களைத் தடுக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டினார்கள். என்னிடம் மஸ்அலா கேட்கத் துணிந்த சகோதரிகளே, அதே துணிவோடு மருத்துவரிடமும் கேளுங்கள். வீட்டு ஆண்களே! உங்கள் தாயோ மனைவியோ வெளியே வர மறுத்தால் கடிந்துகொள்ளாதீர்கள். கனிவோடு காரணம் கேட்டு, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல்நலத்தையும் மனநிறைவான தொழுகையையும் தந்தருள்வானாக! ஆமீன்.