கிட்டாரும் கருங்காலியும்



‘கருங்காலி’ என்றால் கூடவே இருந்து குழி பறிப்பவன் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது ஒரு மரத்தின் பெயர் என்று தெரிய வைத்தது என் அண்ணன் வாங்கி வந்த பழைய கிட்டார்!

என் அப்பா தச்சு வேலை செய்கிறார். கம்பிகளுக்குக் கீழே விரல் வைத்து அழுத்தும் கறுப்புப் பட்டையைத் தடவிப் பார்த்து, “இது சாயம் போட்ட கட்டைடா. நிஜக் கருங்காலின்னா உளியே மழுங்கிடும்” என்றார். அப்போ நிஜக் கருங்காலி எங்கே போகுது? தேடிப் படித்தபோது ஒரு வழக்கு கிடைத்தது.

அமெரிக்காவில் 1900-ல் வந்த லேசி சட்டத்தை 2008-ல் மரங்களுக்கும் விரிவாக்கினார்கள். எந்த நாட்டு மரமோ, அந்த நாட்டுச் சட்டத்தை மீறி வந்திருந்தால் அமெரிக்காவிலும் குற்றம். 2009-ல் கிப்சன் கிட்டார் கம்பெனியில் சோதனை போட்டு மடகாஸ்கர் கருங்காலியைப் பிடித்தார்கள். அங்கே 2006 முதல் அதை வெட்டத் தடை. 2008-ல் அங்கு போய் வந்த கம்பெனி ஊழியரே எச்சரித்தும் மரம் வாங்குவதை நிறுத்தவில்லையாம்.

2011 ஆகஸ்டில் மீண்டும் சோதனை. இந்த முறை நம் இந்தியக் கருங்காலியும் ஈட்டியும்! இங்கே கேள்வியே வேறு. அறுத்த பலகையாக ஏற்றுமதி செய்ய நம் நாட்டில் தடை. செய்து முடித்த பொருளாக அனுப்பலாம். அப்படியானால் கிட்டாருக்கு அறுத்த பட்டை பலகையா, பொருளா?

2012-ல் சமரசம் ஆனது. கிப்சன் 3 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. மடகாஸ்கர் மரத்தையும் இழந்தது. இந்திய மரத்தைப் பற்றிய விதி தெளிவாக இல்லை என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

“மரத்தை வெட்டியாச்சு. பலகையா போனா என்ன, பொருளா போனா என்ன? காட்டுக்கு ரெண்டும் ஒண்ணுதானே?” என்று அண்ணன் கேட்டான். எனக்கும் அது சரியாகவே பட்டது.

அப்பா சிரித்தார். “பலகையா போனா அறுப்புக் கூலியோட சரி. பொருளா போனா ஆசாரிக்கும் கூலி உண்டு.”

எனக்குச் சுருக்கென்றது. ரெடிமேட் நாற்காலிகள் வந்த பிறகு எங்க அப்பாவுக்கு மாதத்தில் பாதி நாள் வேலை இல்லை. காட்டைக் காக்க ஒரு சட்டம், கைவேலையைக் காக்க ஒரு சட்டம் என்று அன்றுதான் பிரித்துப் பார்த்தேன். இனி நம்ம பக்கம்தான் நியாயம் என்று அடித்துப் பேசினேன்.

2011 சோதனையின்போது கிப்சன் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும் அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“பாவம், அவனும் நம்மள மாதிரி ஆசாரிதானேடா” என்றார்.

நண்பர்களே, நீங்கள் யார் பக்கம்?

— 11-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்