மணிக்குத் திமிர் இல்லை

ஒரு மாசமா எங்க மணி யாரையும் தொட விடலை. தடவப் போன மகள் கையைக் கடிக்க வந்துட்டான். "திமிர் ஏறிப்போச்சு"ன்னு கட்டிப் போட்டேன். வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லி மச்சினனுக்கு போன்கூடப் பண்ணிட்டேன்.

மணி பொமரேனியன். கோயம்புத்தூர் அடுக்குமாடியில வளர்ந்தவன். வீடு மாறினப்ப, "தோட்டத்துல ஓடியாடட்டும் மச்சான்"னு மச்சினன் விட்டுட்டுப் போனான்.

நம்ம நாட்டு நாய்க்குக் குட்டை முடி. சேறு பட்டா உதறிட்டுப் போயிடும். இவனுக்கு உள்ளே பஞ்சு மாதிரி ஒரு அடுக்கு, மேலே நீள முடி ஒரு அடுக்கு. உதிர்ற முடி கீழே விழாம மேல்முடியோட பின்னிக்கும். அதுல வரப்போர நாயுருவி விதை ஒட்டிக்கிட்டா சடைதான். காதுக்குப் பின்னாடி, அக்குள், தொடை இடுக்கு எல்லாம் கம்பளித் துண்டு மாதிரி ஆயிருந்தது.

நான் முதல்ல பண்ணது தப்பு. மோட்டார் தண்ணியில குளிப்பாட்டினேன். காய்ஞ்சதும் சடை இன்னும் இறுகிப்போச்சு. அப்புறம் கத்தரிக்கோலை எடுத்தேன். வீட்டுக்காரம்மா தடுத்தாங்க: "தோல் எது, முடி எதுன்னு தெரியுதாங்க?" தொட்டுப் பார்த்தேன். தோல் சடைக்குள்ளேயே இழுபட்டு மேலே வந்திருந்தது. வெட்டியிருந்தா தோலும் சேர்ந்தே வந்திருக்கும்.

மகளுக்குச் சிக்கு எடுக்கிற மாதிரியே அவங்க உட்கார்ந்தாங்க. விரல்ல கொஞ்சம் தேங்காய் எண்ணெய். இழுப்பு தெரியாம இருக்க வேர்ப்பக்கம் ஒரு கையால பிடிச்சுக்கிட்டு, நுனியில இருந்து கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சாங்க. பிரியாத இடத்துல மட்டும் தோலுக்கும் சடைக்கும் நடுவுல சீப்பைச் செருகி, சீப்புக்கு மேலே வெட்டினோம். அவன் முறைச்சா நிறுத்திடுவோம். மூணு நாள் ஆச்சு.

மூணாம் நாள் அக்குள் சடை வந்தப்பதான் பார்த்தோம். உள்ளே தோல் வெந்து, புண்ணாகி, சுத்தி உண்ணி. ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் அந்தச் சடை புண்ணை இழுத்திருக்கு. நான் திமிர்னு நினைச்சது அந்த வலிதான்.

அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிட்டுப் போனேன். டாக்டர் புண்ணைக் கழுவி மருந்து போட்டார். "ரெண்டு நாள் விட்டிருந்தா புழு வச்சிருக்கும். அதுக்காக உடம்பு முழுக்க ஒட்ட மழிச்சிடாதீங்க, வெயில் தோலைச் சுடும்"னார்.

நீங்களும் முடி நாய் வளர்த்தா, கண்ணால பார்த்தது போதும்னு இருக்காதீங்க. தினமும் காதடி, அக்குள், தொடை இடுக்குல விரலை விட்டுப் பாருங்க. நானும் தினமும் அவனைப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

மச்சினனை வர வேண்டாம்னு சொல்லிட்டேன். சாயங்காலம் பால் கறந்து முடிச்சதும் மணிக்குச் சீப்பு. அக்குள் பக்கம் போனா இன்னமும் என் மணிக்கட்டைப் பல்லால பிடிச்சுக்கிறான். கடிக்கிறதில்லை, சும்மா பிடிச்சுக்கிறான். அவன் விடுற வரைக்கும் நானும் சீப்பை நகர்த்துறதில்லை.