கணக்கில் வரும் நேரம்

இரண்டு விமானிகள் முதன்முறையாகச் சந்தித்தால் ஊர், குடும்பம் எல்லாம் பிறகுதான். முதலில் வரும் கேள்வி, “எத்தன மணி நேரம்?” என்பது. இதுவரை பறந்த மொத்த நேரத்தைத்தான் கேட்கிறார்கள். அந்த எண்ணுக்கு ஆதாரம் லாக்புக் எனப்படும் ஒரு குறிப்பேடு. அதை நிரப்புபவரும் அந்த விமானியேதான். தன் தகுதிக்கான சாட்சியத்தைத் தன் கையாலேயே எழுதிக்கொள்ளும் தொழில் எங்களுடையது.

பறக்கும் நேரம் என்றால் ஆகாயத்தில் இருக்கும் நேரம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனமான ஐகாவோவின் வரையறைப்படி, மேலெழும் நோக்கத்தோடு விமானம் முதலில் நகரும்போது கணக்கு தொடங்குகிறது. பயணம் முடிந்து அது கடைசியாக நிற்கும்போது முடிகிறது. ஹெலிகாப்டருக்கு விசிறி சுழலத் தொடங்கியதிலிருந்து ஓயும்வரை. ஆகவே ஓடுபாதைக்குப் போகும் வழியில் இருபது நிமிடம் வரிசையில் காத்திருந்தால் அதுவும் பறந்த நேரம்தான். ஆனால், விடியற்காலையில் வந்து, வானிலை அறிக்கையைப் படித்து, எரிபொருளை அளந்து, விமானத்தைச் சுற்றிச் சுற்றித் தொட்டுப் பார்த்து, கடைசியில் மழை பிடித்துக்கொண்டு பயணம் ரத்தானால் அன்றைய கணக்கு பூஜ்யம்.

இதை அம்மாவிடம் சொன்னபோது சிரித்தார். கெடாவில் ஒரு தோட்டத்தில் இருபத்தைந்து ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். “மழ பேஞ்சா எங்களுக்கும் பேரு கெடையாது” என்றார். காலைப் பிரட்டில் நின்று, கிராணி செக்ரோலில் பெயர் எழுதினால்தான் அது வேலைநாள். இருட்டில் எழுந்து சோறாக்கியதும் பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டதும் யார் கணக்கிலும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே ஒரு வித்தியாசத்தைச் சொன்னார். “அங்க கிராணி எழுதுனான். இங்க நீயே எழுதிக்கிற. அப்ப நீதான்டா பாத்து எழுதணும்.”

பார்த்து எழுத நிறையவே இருக்கிறது. மாணவனும் பயிற்றுநரும் சேர்ந்து ஒரு மணி நேரம் பறந்தால், அதே ஒரு மணி நேரம் இரண்டு லாக்புக்குகளில் ஏறும். மாணவன் அதைப் பயிற்சி நேரம் என்று எழுதுவான்; பயிற்றுநர் தலைமை விமானியாகப் பறந்த நேரம் என்று எழுதுவார். மாணவன் தனியாகப் பறக்கும் அன்றுதான் அந்தத் தலைமை விமானிக் கட்டம் அவனுக்குத் திறக்கும். கருவிகளை மட்டுமே நம்பி ஓட்டிய நேரத்திற்குத் தனிக் கட்டம் உண்டு. வெளியே எல்லாம் தெளிவாகத் தெரியும்போது ஒரு துண்டு மேகத்தைக் கடந்துவிட்டு முழுப் பயணத்தையும் அதில் எழுத முடியாது.

கட்டங்களின் அடியில் வரும் கூட்டுத்தொகைக்குத்தான் விலை. ஐகாவோவின் குறைந்தபட்சத் தேவை தனியார் உரிமத்திற்கு 40 மணி நேரம். வணிக உரிமத்திற்கு 200. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியை முழுமையாக முடித்தவர்களுக்கு 150. பெரிய விமானத்தின் தலைமை விமானியாவதற்கான உரிமத்திற்கு 1500.

அந்த 150க்கும் 200க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு பையன் சில ஆண்டுகளுக்கு முன்னால் என்னிடம் வந்தான். அவன் படித்த பயிற்சிப் பள்ளி பாதியில் மூடப்பட்டுவிட்டது. அப்பா கிள்ளானில் லாரி ஓட்டுகிறார். ஈபிஎஃப் பணத்தை எடுத்து, மேலும் கடன் வாங்கிக் கட்டிய பணம் திரும்பவில்லை. தனியார் உரிமம் மட்டும் கையில் இருந்தது. மீதியை மணிக்கணக்கில் வாடகை கட்டிப் பறந்து 188வரை வந்திருந்தான். விண்ணப்பம் முடிய இரண்டு வாரம்தான் இருந்தது.

“அண்ணே, பன்னெண்டு மணி நேரம்தானே. நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும் லா.”

எங்கள் தொழிலில் இதற்குப் ‘பார்க்கர் பேனா நேரம்’ என்று கேலிப்பெயரே உண்டு. விமானத்துக்கும் தனியாக ஒரு லாக்புக் இருக்கிறது. பராமரிப்பெல்லாம் அந்த மணிக்கணக்கை வைத்துத்தான் நடக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பேனாவில் பறந்தது தெரிந்துவிடும் என்றேன். அவன் அதற்கும் தயாராக இருந்தான். “ஆயிரத்து ஐநூறுக்கு மேல வச்சிருந்தவங்களே விழுந்திருக்காங்கண்ணே.”

அவன் சொன்னது உண்மை. 2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகில் கோல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன்பிறகு வந்த சட்டத்தால், 2013 முதல் அங்கே பயணிகள் விமானத்தின் துணை விமானிக்கும் பொதுவாக 1500 மணி நேரம் தேவைப்படுகிறது. விழுந்த விமானத்தை ஓட்டிய இருவருமே அந்த எண்ணை ஏற்கெனவே தாண்டியிருந்தார்கள். மணி நேரம் கூடினால் திறமையும் கூடிவிடும் என்று நான் அவனிடம் வாதாடவில்லை.

நான் சொன்னது வேறு. விமானத்தில் ஏறும் ஒவ்வொரு நாளும் நாம் யாரோ எழுதியதை நம்பித்தான் ஏறுகிறோம். முந்தைய விமானி பிரேக்கில் கோளாறு இருந்ததென்று எழுதியிருப்பார். பொறியாளர் சரிசெய்துவிட்டதாகக் கையெழுத்திட்டிருப்பார். அவர்கள் முகத்தைக்கூட நாம் பார்த்திருக்க மாட்டோம். “நாளைக்கு நீ எழுதுறத நம்பி இன்னொருத்தன் ஏறுவான், தம்பி. அந்த நம்பிக்கைக்குத்தான் இந்த நோட்டு.”

அவன் பதில் பேசாமல் போய்விட்டான். அவன் அப்பா போன் செய்து, “நம்ம பையனுக்கே நீங்க செய்யலனா வேற யார் சார் செய்வா?” என்று கேட்டார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. கடன் கட்டுகிறவருக்கு முன்னால் விதி பேசுவது சுலபமான காரியமில்லை. அந்த விண்ணப்பம் கைநழுவிப்போனது. அவன் கிராப் ஓட்டினான். பணம் சேரும்போதெல்லாம் ஈப்போவுக்கு வந்து ஒரு மணி, இரண்டு மணி என்று பறந்தான். பன்னிரண்டு மணி நேரத்திற்கு ஏழு மாதம் ஆனது.

லாக்புக்கை என்னிடம் கொண்டுவந்தபோது ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ஒரு வரியில் ஈப்போவிலிருந்து அலோர் ஸ்டாருக்குத் தனியாகக் கிளம்பியிருந்தான். ஆனால் போய்ச் சேர்ந்த இடமும் ஈப்போ என்றே இருந்தது. 1 மணி 50 நிமிடம். குறிப்பு எழுதும் இடத்தில், குனோங் ஜெராய் முழுக்க மேகம், திரும்பிவிட்டேன் என்று சின்னதாக எழுதியிருந்தான். அந்த ஒரு பயணத்துக்கு வாடகை எவ்வளவு, அதற்கு எத்தனை நாள் கிராப் ஓட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

“இன்னும் கொஞ்சம் போய்ப் பாக்கணும்னு தோணலியா?”

“தோணுச்சுண்ணே. அதான் திரும்பிட்டேன்.”

பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.