நல்லெண்ணெய் அடித்த பெயிண்ட்

ஜனவரி 18, ஞாயிறு

காணும் பொங்கல் முடிந்து விருந்தாளிகள் ஊருக்குக் கிளம்பியாயிற்று. போகிக்கே முடித்திருக்க வேண்டிய வேலை. மார்கழிப் பனி ஈரத்தில் பெயிண்ட் காய நேரமாகும் என்று தள்ளிப்போட்டிருந்தேன். இன்று காலை சமையலறைக் கப்போர்டுக் கதவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். 1998-ல் வீடு கட்டியபோது ஆசாரி செய்த தேக்குக் கதவுகள். மரத்தில் ஒரு குறையும் இல்லை. இவற்றைப் பிடுங்கிவிட்டு மாடுலர் கிச்சன் போடலாம் என்று ஒருவர் வந்து அளவெடுத்து, விலையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தொகையைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பெயிண்ட் அடிக்கும் ஆசையே வந்தது.

எந்தக் கதவு எந்த இடம் என்பதைக் கீல் உட்காரும் பள்ளத்தில் எழுதி, மேலே டேப் ஒட்டினார் இவர். வெளியே எழுதினால் தேய்க்கும்போது அழிந்துவிடும். திருகாணித் தலைகளில் பழைய பெயிண்ட் அடைத்துக் கிடந்தது. ஊசியால் சுரண்டாமல் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கவில்லை.

ஜனவரி 19, திங்கள்

அடுப்புக்கு மேலிருந்த கதவைத் தொட்டால் விரல் ஒட்டுகிறது. பாத்திரம் கழுவும் சோப்புக்கெல்லாம் மசிகிற பிசுக்கு இல்லை இது. தாளிப்பில் கிளம்பும் எண்ணெய்ப் புகை கதவில் படிந்து, காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து, மெல்ல மெல்லப் பிசினாகிவிடுகிறது. ஆளிவிதை எண்ணெய் கலந்த பழங்காலத்துப் பெயிண்ட் உலர்ந்ததும் இப்படித்தான். இப்போதைய எனாமலில் இருக்கும் ஆல்கிட் பிசினும் ஆக்சிஜனை வாங்கித்தான் இறுகுகிறது. ஆளிவிதை எண்ணெய் முழுக்க உலரும். நல்லெண்ணெய் அரைகுறையாக உலரும். அந்த அரைகுறைதான் பிசுபிசுப்பு. பெயிண்டரே எட்டிப்பார்க்காத இத்தனை வருஷமும் இந்தக் கதவுகளுக்கு நல்லெண்ணெய் கோட்டு மேல் கோட்டாக அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதை எடுக்காமல் மேலே எந்தக் கம்பெனி பெயிண்டை அடித்தாலும் உரிந்து வரும்.

வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, பிழிந்த துணியால் துடைத்தேன். மரத்தை ஊறவிடக் கூடாது. காரம் பட்டதும் கொழுப்பு சோப்பாக மாறிக் கழன்று வருகிறது. கூடவே மஞ்சள் கறையெல்லாம் சிவந்து, ஆரத்தித் தண்ணீர் போல வழிந்தது.

“என்னம்மா இது, ரத்தமா ஓடுது?” என்று அத்தை பதறினார்.

“ஆரத்திக்கு மஞ்சள்ல சுண்ணாம்பு கலக்குறீங்கல்ல அத்தை, அதேதான். சோடாவும் காரம்தானே.”

“அப்ப என் கப்போர்டுக்குத் திருஷ்டி கழிஞ்சுதுன்னு சொல்லு.”

சோடா மிச்சமிருந்தால் பெயிண்ட் பிடிக்காது என்பதால் நல்ல தண்ணீரில் துணியை அலசி அலசித் துடைத்துக் காயப் போட்டோம்.

ஜனவரி 21, புதன்

பெயிண்ட் கடை அண்ணாச்சி 120, 220, 320 என்று உப்புத்தாள்களை எடுத்துப் போட்டார். எண் கூடக் கூட நைஸ். “மெஷின் வச்சுத் தேச்சா அரை நாள்ல முடிஞ்சிரும்மா” என்றார். எனக்கு அதில் சம்மதமில்லை. வீட்டுக்கு அடிக்கும் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு வகைகளில், ஈயம் தாராளமாகவே இருக்கலாம். சுவரில் இருக்கும்வரை அது சும்மா இருக்கும். தேய்த்துத் தூளாக்கினால் மூச்சில் போகும், குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். “ஒரு நாள் தூசிதானே” என்பவர்களோடு எனக்கு வாதாடப் பொறுமை இல்லை.

அதனால் வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்துத் தேய்த்தோம், மொட்டைமாடியில், மாஸ்க்கோடு. சேறாக வந்ததைப் பழைய துணியில் துடைத்து மூட்டை கட்டினோம், பெருக்கவில்லை. மரம் தெரியத் தேய்க்கத் தேவையில்லை, பளபளப்பு போனால் போதும். ஆணித் துளைகளுக்குப் பட்டி வைத்தார் இவர்.

ஜனவரி 24, சனி

கலர் பஞ்சாயத்து. மகளுக்கு வெள்ளை, அத்தைக்குப் பழைய சந்தனக் கலர். வெள்ளை ஆல்கிட் எனாமல் வெளிச்சம் படாத இடத்தில் பழுத்துவிடும், நம் சமையலறையோ பகலிலும் விளக்குப் போட வேண்டிய அறை. தண்ணீரில் கரையும் அக்ரிலிக் எனாமல் பழுக்காது, நெடியும் குறைவு. அதையே வாங்கினேன்.

நிறம் நீலப்பச்சை. 1926-ல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஒரு சிறிய சமையலறையை வடிவமைத்தார். சுமார் 10,000 வீடுகளில் அது அமைந்தது. இன்றைய மாடுலர் கிச்சனுக்கெல்லாம் பாட்டி அதுதான். அதன் கப்போர்டுகளுக்கு நீலம் அடித்தார்கள், நீலத்தில் ஈ உட்காராது என்ற நம்பிக்கையில். இதைச் சொன்னதும் அத்தை மனம் மாறிவிட்டார். தாம்பரத்து ஈக்கள் அதை மதிக்குமா என்பது வேறு விஷயம்.

ஜனவரி 26, திங்கள்

விடுமுறை. பிரைமர் நேற்றே காய்ந்துவிட்டது. கதவுகளை ஸ்டூல்களின் மேல் படுக்கவைத்து அடித்தோம்; நிறுத்தி அடித்தால் வழியும். சட்டத்துக்கு பிரஷ், நடுப்பலகைக்கு ஸ்பாஞ்ச் ரோலர். வெயில் ஏறிப் பனி ஈரம் போன பிறகே தொடங்கி, மெல்லிசாக ஒரு கோட்டு, காய்ந்ததும் 320-ல் லேசாக ஒரு தேய்ப்பு, மறுபடி ஒரு கோட்டு. இந்த வேலையிலேயே சுகமான பகுதி இதுதான், அதனாலோ என்னவோ சீக்கிரம் முடிந்துவிட்டது.

பிப்ரவரி 1, ஞாயிறு

கதவுகளை மாட்டியாயிற்று. தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகப் பெயிண்ட் இறுகிவிட்டது என்று அர்த்தமில்லை. அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை கதவும் சட்டமும் ஒட்டிக்கொள்ளாமலிருக்க மூலைகளில் சின்ன ரப்பர் பொட்டுகள் வைத்தேன். உள்தட்டுகளுக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை. அரிசி, பருப்பு இருக்கிற இடத்தில் பெயிண்ட் வாடை எதற்கு?

இந்த மாசம் முழுக்கக் கதவுக் கைப்பிடியில் கரித்துணி தொங்கக் கூடாது என்று அறிவித்தேன்.

“அப்ப கரித்துணிய எங்க போடறதாம்? என் தோள்லயா?” என்றார் அத்தை.

சுவரில் ஒரு கொக்கி மாட்ட எதிர்வீட்டில் டிரில்லிங் மெஷின் கேட்டிருக்கிறேன்.